27 வயது வாலிபர் திறந்த கலைக்கூடம்

பங்குச் சந்தை சரிந்தது. ஒன்பதாம் நாள் கதவு திறந்தது!

1929-ம் ஆண்டு, அக்டோபர் மாதம் 29-ந்தேதி.

அமெரிக்காவில் உள்ள நியூயார்க் நகரில் பங்குச் சந்தை தலைகுப்புற விழுந்தது. காலையில் பணக்காரராக எழுந்தவர்கள் பலர், மாலையில் கடன்காரராக வீடு திரும்பினார்கள். கம்பெனிகள் ஆட்டம் கண்டன. வேலை போகுமோ என்று ஊரே நடுங்கியது.

ஒன்பது நாட்கள் கழிந்தன. நவம்பர் 7-ந்தேதி அதே நகரில், ஐந்தாவது அவென்யூ என்ற பெரிய வீதியில், ஓர் உயரமான கட்டடத்தின் 12-வது மாடியில் ஒரு கதவு திறந்தது.

அது பாங்கி அல்ல, கடையும் அல்ல. ஓவியக் காட்சிசாலை!

"சோற்றுக்கே வழி தெரியாத நேரத்தில் படம் பார்க்க யார் வருவார்கள்?" என்று நமக்குத் தோன்றும். ஆனால் கூட்டம் வந்தது. வந்து கொண்டே இருந்தது.

அந்தக் காட்சிசாலையை நடத்த அமர்த்தப்பட்டவர், மூக்குக் கண்ணாடி அணிந்த ஒல்லியான வாலிபர். வயது 27. பெயர் ஆல்பிரெட் பார்.

அவர் திறந்து வைத்த அந்தக் கதவை, பின்னர் ஒரு நாள் அவருக்கே மூடப் பார்த்தார்கள். அவர் என்ன செய்தார்? அதுதான் இந்தக் கதை.

செத்த காலேஜ், உயிர் காலேஜ்

ஒரு காலத்தில் சென்னைக்கு வந்தவர்கள் இரண்டு இடங்களைப் பார்க்காமல் ஊர் திரும்ப மாட்டார்கள். ஒன்று, எழும்பூர் மியூசியம். இன்னொன்று, மிருகக்காட்சி சாலை. மியூசியத்துக்கு மக்கள் வைத்த பெயர், "செத்த காலேஜ்". மிருகக்காட்சி சாலைக்கு, "உயிர் காலேஜ்".

மியூசியம் என்றால் பழைய காலத்துப் பொருள், உயிர் போன பொருள் என்பது உலகம் முழுவதும் இருந்த எண்ணம். நியூயார்க்கிலும் அப்படித்தான். அங்கே மெட்ரோபாலிட்டன் என்ற மாபெரும் காட்சிசாலை 1870-ம் ஆண்டு முதல் இருக்கிறது. எகிப்து நாட்டுப் பொருள்களும், பழைய மேதைகளின் படங்களும் அங்கே உண்டு.

ஆனால், உயிரோடு இருக்கும் ஓவியர் நேற்று வரைந்த படத்தை மக்கள் எங்கே போய்ப் பார்ப்பது? அதற்கு நிலையான இடம் கிடைப்பது அரிது. ஓவியர் பட்டினி கிடந்து சாகவேண்டும். ஐம்பது ஆண்டு கழியவேண்டும். அதன் பிறகே, "ஆகா, மேதை!" என்பார்கள்.

இந்த நிலையை மாற்ற நினைத்தவர்கள் மூன்று பெண்கள்.

மூன்று சீமாட்டிகள்

முதலாமவர் அப்பி ராக்பெல்லர். உலகம் அறிந்த எண்ணெய்க் கோடீசுவரர் ராக்பெல்லர் குடும்பத்து மருமகள். ஆறு பிள்ளைகளின் தாய்.

இரண்டாமவர் லில்லி பிளிஸ். துணி வியாபாரம் செய்த செல்வந்தரின் மகள். திருமணம் செய்து கொள்ளவில்லை. நோயாளித் தாயைப் பல ஆண்டுகள் கவனித்துக் கொண்டவர். தாய்க்குப் பிடிக்காத புதுப்பாணிப் படங்களைத் தேடித் தேடி வாங்கியவர்.

மூன்றாமவர் மேரி சல்லிவன். பள்ளியில் ஓவியம் கற்றுக்கொடுத்த ஆசிரியை. மற்ற இருவரைப்போல் செல்வத்தில் பிறந்தவர் அல்ல.

1928-29 குளிர்காலத்தில் அப்பி அம்மையார் எகிப்து நாட்டுக்குச் சுற்றுப்பயணம் போனார். அங்கே லில்லி பிளிசைச் சந்தித்தார். திரும்பும்போது கப்பலில் மேரி சல்லிவனைக் கண்டார். பேச்சு ஓவியத்தைப் பற்றித் திரும்பியது.

அவர்கள் மனதில் ஒரு வருத்தம் இருந்தது. ஜான் குவின் என்ற வக்கீல், புதுமை ஓவியங்களை மலைபோல் சேர்த்து வைத்திருந்தார். 1924-ம் ஆண்டு அவர் இறந்தார். அந்தப் படங்களைச் சேர்த்து வைக்க ஊரில் ஓர் இடம் இல்லை. அவை விற்கப்பட்டன. பல படங்கள் கடல் தாண்டிப் போய்விட்டன.

"நமக்குப் பின் நம் படங்களுக்கும் இதே கதிதானா?"

மூவரும் ஒரு முடிவுக்கு வந்தார்கள். புதிய ஓவியங்களுக்கு என்றே ஒரு காட்சிசாலை!

கணவருக்குப் பிடிக்காது

அப்பி அம்மையாரின் வீட்டில் ஒரு சங்கடம். அவர் கணவருக்கு இந்தப் புதுப்பாணிப் படங்கள் துளியும் பிடிக்காது. பழைய சீனத்துப் பீங்கான் பாத்திரங்கள்தான் அவருக்குப் பிரியம்.

அதற்காக அம்மையார் சண்டை போடவில்லை. பிள்ளைகள் வளர்ந்து விட்டதால், வீட்டின் மேல் மாடியில் அவர்கள் விளையாடிய அறை சும்மா கிடந்தது. அதைத் தம்முடைய ஓவிய அறையாக மாற்றிக்கொண்டார். தமக்கென்று இருந்த பணத்தில் படங்கள் வாங்கி அங்கே மாட்டினார்.

கணவர் கீழே, படங்கள் மேலே!

படம் வாங்கினார், பதவி போனது

காட்சிசாலைக்கு ஒரு தலைவர் வேண்டும் அல்லவா? குட்இயர் என்ற செல்வந்தரைப் பெண்கள் தேடிப் பிடித்தார்கள்.

அவரை ஏன் தேர்ந்தெடுத்தார்கள் தெரியுமா? அவர் பபலோ என்ற ஊரில் ஓவியக்கூட நிர்வாகத்தில் இருந்தவர். பிக்காசோ வரைந்த ஒரு படத்தை அந்தக் கூடத்துக்கு வாங்கினார். மற்ற நிர்வாகிகள் கொதித்தார்கள். அவர் பதவியை இழந்தார்.

"புதுப்படத்துக்காகப் பதவியை இழந்தவரா? அவரே நமக்கு ஏற்றவர்!"

1929-ம் ஆண்டு மே மாதம் அவரைப் பகல் விருந்துக்கு அழைத்தார்கள். அவர் ஒப்புக்கொண்டார்.

அடுத்து, காட்சிசாலையை நடத்த ஓர் இயக்குநர் வேண்டும். ஆர்வர்டு பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் பால் சாக்சிடம் யோசனை கேட்டார்கள். அவர் தம்முடைய மாணவர் ஒருவரின் பெயரைச் சொன்னார். அவர்தான் ஆல்பிரெட் பார்.

பாதிரியார் மகன்

ஆல்பிரெட் 1902-ம் ஆண்டு டெட்ராய்ட் நகரில் பிறந்தார். தந்தை பாதிரியார். வீட்டில் படிப்பு இருந்தது. பெரிய பணம் இல்லை.

சிறு வயதில் இருந்தே பறவைகளைக் கவனிப்பது அவருக்குப் பழக்கம். இது என்ன பறவை, இறகு எப்படி, குரல் எப்படி என்று குறித்து வைப்பார். பிற்காலத்தில் படங்களையும் அப்படித்தான் பார்த்தார். பொறுமையாக, உற்று, ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் உள்ள வித்தியாசத்தை அறிந்து.

வெல்லெஸ்லி என்ற பெண்கள் கல்லூரியில் அவர் ஆசிரியர் ஆனார். 1927-ம் ஆண்டு அங்கே இக்காலக் கலையைப் பற்றி ஒரு வகுப்பு தொடங்கினார். அந்தக் காலத்தில் அமெரிக்கக் கல்லூரிகளில் அது புதுமை.

வகுப்பு எப்படி நடந்தது தெரியுமா?

மாணவிகளை ரெயில் நிலையங்களுக்கு அழைத்துப் போவார். மிட்டாய்த் தொழிற்சாலைக்கு அழைத்துப் போவார். "கட்டடத்தைப் பாருங்கள். எந்திரத்தைப் பாருங்கள்" என்பார்.

ஒருமுறை மாணவிகளை மலிவு விலைக் கடைக்கு அனுப்பினார். ஒரு டாலருக்குள் வாங்கவேண்டும். வாங்கும் பொருள் அழகாகவும், பயன்படுத்த ஏற்றதாகவும் இருக்கவேண்டும். அதுதான் வீட்டுப்பாடம்!

கலை என்பது தங்கச் சட்டத்துக்குள் மட்டும் இல்லை. நாம் கையில் எடுக்கும் கரண்டியிலும் இருக்கிறது என்பது அவருடைய எண்ணம்.

பின்னர் ஐரோப்பாவுக்குப் போய் ஓராண்டு போலச் சுற்றினார். ஜெர்மனியில் ஓவியரும் தச்சரும் நெசவாளரும் ஒரே கூரையின் கீழ்ப் படித்த பௌஹௌஸ் பள்ளியைப் பார்த்தார். மாஸ்கோவுக்கும் போய் வந்தார்.

1929-ம் ஆண்டு ஜூலை மாதம், கடற்கரையில் இருந்த கோடை இல்லத்தில் அப்பி அம்மையாரைச் சந்தித்தார். அம்மையாருக்கு அவரைப் பிடித்துவிட்டது.

வேலை கிடைத்தது. ஆனால் கையில் இருந்த அவகாசம் சில மாதங்களே!

ஆறு அறைகள்

காட்சிசாலைக்குக் கட்டடம் இல்லை. வாடகைக்குக் கிடைத்தது 12-வது மாடியில் ஆறு அறைகள்.

காட்சிசாலைக்குச் சொந்தமாக ஒரு படம்கூட இல்லை!

படங்கள் எல்லாம் இரவல். அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் படம் வைத்திருப்பவர்களைக் கேட்டு, நம்பிக்கை கொடுத்து, கப்பலில் வரவழைத்து, ஏறத்தாழ நூறு ஓவியங்களைத் திரட்டினார்கள். காட்சிக்கான விளக்க நூலை ஆல்பிரெட் எழுதினார்.

படங்களை மாட்டுவதிலும் அவர் ஒரு புது வழியைக் கொண்டு வந்தார். அந்தக் காலத்தில் சுவர் தெரியாமல், மேலும் கீழும் படங்களை நெருக்கி மாட்டுவார்கள். ஆல்பிரெட் வெளிறிய நிறச் சுவரில், கண் மட்டத்தில், இடம் விட்டு மாட்டினார். ஒரு படத்தைப் பார்க்கும்போது இன்னொன்று கண்ணை இழுக்கக்கூடாது. பக்கத்தில் உள்ள படம் முதல் படத்தின் கதையைத் தொடர வேண்டும். இன்று உலகில் எந்த ஓவியக் காட்சிக்குப் போனாலும் இந்த முறையைக் காணலாம்.

எல்லாம் தயார். அந்த நேரத்தில்தான் பங்குச் சந்தை விழுந்தது.

விழாவைத் தள்ளி வைக்கவில்லை. நவம்பர் 7-ந்தேதி அழைக்கப்பட்டவர்களுக்கும், மறுநாள் பொதுமக்களுக்கும் கதவு திறந்தது. அனுமதி இலவசம்.

லிப்டில் இடம் இல்லை!

அந்தக் கட்டடத்தில் வேறு அலுவலகங்களும் இருந்தன. படம் பார்க்க வந்த கூட்டம் லிப்ட்டுகளை அடைத்துக் கொண்டது. "எங்கள் ஆபீசுக்கு நாங்கள் ஏறமுடியவில்லை" என்று குடியிருந்தவர்கள் புகார் செய்தார்கள்.

ஒரே மாதத்தில் 47 ஆயிரம் பேருக்கு மேல் வந்து பார்த்தார்கள்.

அப்படி யாருடைய படங்கள் அவை? செசான், கோகன், சூரா, வான்கோ என்ற நால்வர் வரைந்தவை.

செசான், பாங்கி முதலாளியின் மகன். ஒரு தட்டில் நாலு ஆப்பிள் பழங்களை வைத்து ஆண்டுக்கணக்கில் வரைந்தவர்.

கோகன், பங்கு வியாபாரக் கம்பெனியில் வேலை பார்த்தவர். 1882-ம் ஆண்டு பாரிசில் பங்குச் சந்தை சரிந்த பிறகு முழு நேர ஓவியர் ஆனார். தென் கடல் தீவுகளுக்குப் போய் அங்கேயே மாண்டார்.

சூரா, வண்ணத்தைப் பூசாமல் புள்ளி புள்ளியாக வைத்தவர். 31 வயதில் மறைந்தார்.

வான்கோவின் கதை கண்ணீர்க் கதை. ஹாலந்து நாட்டவர். அவரும் பாதிரியார் மகன்தான். தம்பி தியோ அனுப்பிய பணத்தில் உயிர் வாழ்ந்தார். நூற்றுக்கணக்கான படங்கள் வரைந்தார். விலை போனவை மிகச் சில. மனநோய் வாட்டியது. 1890-ம் ஆண்டு, 37 வயதில் தம் உயிரைத் தாமே போக்கிக்கொண்டார். ஆறு மாதத்தில் தம்பியும் இறந்தார். தம்பியின் மனைவி ஜோகன்னா, கைக்குழந்தையுடன் அந்தப் படங்களையும் கடிதங்களையும் கட்டிக்காத்தார்.

நால்வரும் 1929-ல் உயிரோடு இல்லை. ஆனாலும் அவர்களை "புரியாத புதுப்பாணிக்காரர்கள்" என்று பலர் நினைத்தார்கள். முதலில் இவர்களைக் காட்டினால்தான், இவர்கள் வழியில் வந்தவர்களை மக்கள் புரிந்து கொள்வார்கள் என்பது கணக்கு.

அடுத்த காட்சியிலேயே, உயிரோடு இருந்த 19 அமெரிக்க ஓவியர்களின் படங்களை மாட்டினார்கள். உயிர் காலேஜ் தொடங்கிவிட்டது!

அந்தத் திறப்பு விழா நாட்களில் ஆல்பிரெட்டுக்கு அறிமுகமானவர் மார்கரெட் என்ற பெண். ரோமாபுரியில் பிறந்தவர். பல மொழிகள் அறிந்தவர். 1930-ம் ஆண்டு இருவரும் மணந்தார்கள். ஐரோப்பிய ஓவியர்களுடன் பேச ஆல்பிரெட்டுக்கு வாயாக இருந்தவர் அவரே.

ஒரு பெண்ணின் உயில்

இரவல் படங்களை எத்தனை நாள் மாட்டுவது? சொந்தமாக வேண்டாமா?

முதலில் வந்த நன்கொடை எட்டு அச்சுப் படங்களும் ஒரு கோட்டுச் சித்திரமும். அவ்வளவுதான். 1930-ம் ஆண்டு தொடக்கத்தில் ஸ்டீபன் கிளார்க் என்ற செல்வந்தர், எட்வர்டு ஹாப்பர் வரைந்த "ரெயில் பாதை ஓரத்து வீடு" என்ற ஓவியத்தைக் கொடுத்தார். இந்தக் கிளார்க்கின் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வருவார்.

1931-ம் ஆண்டு மார்ச் மாதம் லில்லி பிளிஸ் இறந்தார். தம் படங்களைக் காட்சிசாலைக்கு எழுதி வைத்திருந்தார். ஆனால் ஒரு நிபந்தனை. காட்சிசாலை நிலைத்து நிற்கப் போதிய நிதி திரட்டவேண்டும். நாளைக்கு மூடிவிடக்கூடிய இடத்துக்குப் படங்களைக் கொடுக்க அவர் விரும்பவில்லை.

கேட்ட தொகை முதலில் 10 லட்சம் டாலர். நாடே பஞ்சத்தில் கிடந்த காலம். கடைசியில் அது 6 லட்சம் டாலராகக் குறைக்கப்பட்டது. மூன்று ஆண்டு பாடுபட்டுத் திரட்டினார்கள். 1934-ம் ஆண்டு படங்கள் வந்து சேர்ந்தன.

அந்த உயிலில் இன்னொரு நல்ல ஏற்பாடும் இருந்தது. தேவைப்பட்டால் சில படங்களைக் கொடுத்து வேறு படம் வாங்கலாம். அப்படித்தான் 1941-ம் ஆண்டு வான்கோவின் "விண்மீன் இரவு" அங்கே வந்தது. நீல வானம் சுழி சுழியாகச் சுழலும் அந்தப் படத்தை நீங்களும் காலண்டரிலோ புத்தக அட்டையிலோ பார்த்திருப்பீர்கள்.

சமையல் பாத்திரமும் கலையே

ஆல்பிரெட் ஓவியத்தோடு நிற்கவில்லை. கட்டடக் கலை, புகைப்படம், சினிமா, நாற்காலி, மேசை எல்லாம் காட்சிசாலைக்குள் வரவேண்டும் என்றார். நிர்வாகிகள் முதலில் திகைத்தார்கள். பின்னர் ஒவ்வொன்றாக வந்தது.

1934-ம் ஆண்டு "எந்திரக் கலை" என்று ஒரு காட்சி. எந்திரச் சுருள்கள், கப்பலைத் தள்ளும் விசிறி, சமையல் பாத்திரங்கள் ஆகியவற்றைச் சிலைகளைப்போல் மேடையில் வைத்தார்கள்! ஒரு டாலர் வீட்டுப்பாடம் பெரிய பாடமாக வளர்ந்துவிட்டது.

ஹிட்லர் மூடிய காட்சி

உழைப்பு அவர் உடம்பைப் பாதித்தது. தூக்கம் வரவில்லை. 1932-ம் ஆண்டு ஓராண்டு விடுப்பு எடுத்து ஐரோப்பா போனார்.

1933-ம் ஆண்டு ஜெர்மனியில் ஸ்டுட்கார்ட் நகரில் இருந்தார். அப்போதுதான் ஹிட்லர் ஆட்சிக்கு வந்தார். ஷிலெம்மர் என்ற ஓவியரின் காட்சி அங்கே தொடங்கிய சில நாட்களிலேயே நாஜிகளின் எதிர்ப்பால் மூடப்பட்டது.

அதில் இருந்த ஒரு படம் ஆல்பிரெட்டின் மனதைத் தொட்டது. பௌஹௌஸ் பள்ளி மாணவர்கள் மாடிப்படி ஏறிப் போகும் காட்சி. அந்தப் பள்ளியைத்தான் அவர் முன்பு நேரில் பார்த்திருந்தாரே! அதையும் நாஜிகள் ஒழித்துக் கொண்டிருந்தார்கள்.

ஆல்பிரெட் நண்பர் பிலிப் ஜான்சனுக்கு உடனே தந்தி அடித்தார். "அந்தப் படத்தை வாங்கு" என்பது செய்தி. ஜான்சன் வாங்கினார். படம் தப்பியது. பின்னர் நியூயார்க் காட்சிசாலையின் மாடிப்படி அருகிலேயே அது நெடுங்காலம் தொங்கியது.

1940-க்குப் பின், நாஜிகளிடம் சிக்கிக் கொண்டிருந்த ஓவியர்களை அமெரிக்காவுக்குத் தப்புவிக்கும் பணியிலும் ஆல்பிரெட்டும் மனைவியும் உதவினார்கள். கடிதம் எழுதினார்கள், ஜாமீன் தேடினார்கள். அப்படி வந்து சேர்ந்தவர்களில் சகால் என்ற புகழ் பெற்ற ஓவியரும் ஒருவர்.

"இது சிலையே அல்ல!"

1936-ம் ஆண்டு ஒரு வேடிக்கை நடந்தது. ஒரு பொருளைப் பார்த்து அப்படியே வரையாத புதுமைக் கலைக்கு ஆல்பிரெட் பெரிய காட்சி ஏற்பாடு செய்தார். ஐரோப்பாவில் இருந்து சிலைகள் வந்து இறங்கின.

சுங்க அதிகாரிகள் 19 சிலைகளைத் தடுத்து நிறுத்திவிட்டார்கள்!

காரணம்? கலைப்பொருளுக்கு வரி இல்லை. ஆனால் சிலை என்றால் மனிதன், மிருகம் போன்ற இயற்கை உருவத்தைக் காட்டவேண்டும் என்பது சட்டம். "இவை எந்த உருவத்தையும் காட்டவில்லையே. இவை சிலையே அல்ல" என்றார்கள்.

இதற்குப் பத்து ஆண்டு முன் பிரான்கூசி என்பவர் செய்த "பறவை" என்ற சிலைக்கும் இதே கதி. அது பளபளவென்று நீண்டு உயர்ந்த வெண்கல உருவம். இறகும் இல்லை, மூக்கும் இல்லை. அதிகாரிகள் அதைச் சமையல் சாமான், ஆஸ்பத்திரிச் சாமான் வகையில் சேர்த்து வரி போட்டார்கள்! வழக்கு நடந்தது. 1928-ல் நீதிமன்றம், "இது கலைதான்" என்று தீர்ப்புக் கூறியது.

நம் வீட்டு வாசலில் பெண்கள் போடும் புள்ளிக்கோலம் எந்த மிருகத்தைக் காட்டுகிறது? ஒன்றையும் இல்லை. ஆனால் அழகாக இல்லையா? ஆல்பிரெட் உலகத்துக்குச் சொல்ல வந்ததும் அதுதான். பார்த்ததை வரைவதும் கலை. கோட்டையும் வண்ணத்தையும் கொண்டே மனதைத் தொடுவதும் கலை.

19 சிலைகளும் ஜாமீனில் விடுதலை ஆயின. காட்சி நடந்தது. பத்திரிகைகளில் செய்தி வந்ததால் கூட்டத்துக்கும் குறைவு இல்லை!

சொந்த வீடு

1939-ம் ஆண்டு மே 10-ந்தேதி, 53-வது தெருவில் காட்சிசாலையின் சொந்தக் கட்டடம் திறக்கப்பட்டது. ஜனாதிபதி ரூஸ்வெல்ட் ரேடியோவில் பேசி வாழ்த்தினார்.

அந்தக் கட்டடத்தில் ஒரு சிறப்பு. கோவில் போன்ற தூண்கள் இல்லை. ஏறிப்போகப் பெரிய படிக்கட்டும் இல்லை. தெருவில் நடந்து வருபவர், கடைக்குள் நுழைவதுபோல் நேரே உள்ளே போகலாம்.

அதே ஆண்டு பிக்காசோவின் "குவெர்னிகா" அங்கே வந்தது. ஸ்பெயின் நாட்டில் குண்டு வீச்சுக்கு ஆளான ஓர் ஊரின் கதறலைக் காட்டும் பெரிய ஓவியம். "என் நாட்டில் சுதந்திரம் வரும்வரை இங்கே இருக்கட்டும்" என்பது பிக்காசோவின் விருப்பம். நாற்பது ஆண்டுக்கு மேல் அந்தப் படத்தை நியூயார்க் காட்சிசாலை காத்தது.

செருப்புத் துடைப்பவரின் பெட்டி

இனிதான் துன்பம்.

1942-ம் ஆண்டு கிறிஸ்துமஸ் சமயம். இத்தாலியில் இருந்து வந்து நியூயார்க்கில் குடியேறிய ஓர் ஏழைத் தொழிலாளி, பூட்சுகளுக்கு பாலீஷ் போடும் பெட்டி ஒன்றைச் செய்திருந்தார். மணியும் மின்னும் பொருள்களும் பதித்துத் தேர் போல் அலங்கரித்திருந்தார். ஆல்பிரெட் அதைக் காட்சிசாலையின் முகப்பில் வைத்தார்.

நிர்வாகிகளில் சிலர் முகம் சுளித்தார்கள்.

அடுத்த ஆண்டு, ஹர்ஷ்பீல்டு என்பவரின் படங்களைக் காட்டினார்கள். அவர் யார்? வீட்டுச் செருப்பு செய்து விற்று ஓய்வு பெற்றவர். வயதான பிறகு தாமே வரையக் கற்றவர். பத்திரிகைகள் கேலி செய்தன.

அப்போது நிர்வாகக் குழுவின் தலைவர் ஸ்டீபன் கிளார்க். முதல் ஓவியத்தை நன்கொடை கொடுத்தவர். அவருக்குக் கோபம். ஆல்பிரெட் எழுதவேண்டிய நூல்களையும் எழுதி முடிக்கவில்லை. நிர்வாகத்திலும் தாமதம் என்று குறை வேறு.

1943-ம் ஆண்டு அக்டோபர் மாதம் ஒரு கடிதம் வந்தது. இயக்குநர் பதவியில் இருந்து ஆல்பிரெட் நீக்கப்பட்டார். சம்பளம் பாதியாகக் குறைந்தது. "ஆலோசகராக இருந்து புத்தகம் எழுதலாம்" என்றார்கள்.

14 ஆண்டு கட்டி வளர்த்த வீட்டில், வாசல் திண்ணை மட்டும் மிஞ்சியது!

போகவில்லை

வேறொருவராக இருந்தால் கோபித்துக்கொண்டு வெளியேறி இருப்பார். அப்படிப் போயிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்கவும் மாட்டார்கள்.

ஆல்பிரெட் போகவில்லை. காட்சிசாலையின் நூல் நிலையத்தில் ஒரு மூலையில் அவருக்குச் சிறு இடம் கிடைத்தது. அங்கே உட்கார்ந்து வேலை செய்தார்.

பதவி போன அதே 1943-ம் ஆண்டு அவருடைய சிறு நூல் ஒன்று வெளியாயிற்று. பெயர், "நவீன ஓவியம் என்றால் என்ன?" ஓவியத்தைப் பற்றி ஒன்றும் அறியாத சாதாரண மனிதருக்காக எளிய சொற்களில் எழுதியது. பண்டிதர்களுக்கு அல்ல, "எனக்குப் புரியவில்லையே" என்று வெட்கப்படுபவருக்கு! அது பல பதிப்புகள் கண்டது.

1946-ம் ஆண்டு பிக்காசோவைப் பற்றிப் பெரிய நூல் எழுதி முடித்தார். அதற்காக ஆர்வர்டு பல்கலைக்கழகம் அவருக்கு டாக்டர் பட்டம் கொடுத்தது.

1947-ம் ஆண்டு நிர்வாகிகள் அவரை மீண்டும் அழைத்தார்கள். காட்சிசாலையின் படங்கள், சிலைகள் அனைத்துக்கும் பொறுப்பாளர் என்ற பதவி. எதை வாங்குவது, எதை வைப்பது என்பதில் அவர் சொல்லுக்கு மதிப்பு. அந்தப் பொறுப்பில் 20 ஆண்டுகள் இருந்து 1967-ல் ஓய்வு பெற்றார்.

வீடு தோட்டம் ஆனது

மூன்று பெண்களில் மேரி சல்லிவன் 1939-லும், அப்பி ராக்பெல்லர் 1948-லும் காலமானார்கள்.

அப்பி அம்மையாரின் வீடு இருந்த இடத்தில் இன்று என்ன இருக்கிறது தெரியுமா? காட்சிசாலையின் சிலைத் தோட்டம். மேல் மாடியில் அவர் ஒளித்து வைத்ததுபோல் மாட்டிய கலை, அதே மண்ணில் திறந்த வெளியில் நிற்கிறது! தோட்டத்துக்கு அவர் பெயரையே வைத்திருக்கிறார்கள்.

ஆல்பிரெட் பார் 1981-ம் ஆண்டு ஆகஸ்டு மாதம், 79 வயதில் காலமானார். அடுத்த மாதமே, சுதந்திரம் திரும்பிய ஸ்பெயின் நாட்டுக்குக் "குவெர்னிகா" போய்ச் சேர்ந்தது. காப்பாற்றி வைத்த பொருளை உரியவரிடம் கொடுத்தாயிற்று.

ஒன்பது தாள்களுடன் தொடங்கிய அந்தக் காட்சிசாலையில் இப்போது ஏறத்தாழ 2 லட்சம் கலைப் பொருள்கள் இருக்கின்றன. கட்டடத்தைப் பலமுறை பெரிதாக்கினார்கள். கடைசியாக 2019-ம் ஆண்டு விரிவாக்கித் திறந்தார்கள்.

ஒரு காட்சிசாலையைத் திறப்பது ஒரு நாள் வேலை. நாடா வெட்டினால் முடிந்துவிடும். ஆனால், "இது என்ன கிறுக்கல்?" என்று கேட்டுக்கொண்டு வருபவரைக் கோபிக்காமல், கேலி செய்யாமல், கைபிடித்து உள்ளே அழைத்துப் போய், "இன்னும் ஒரு முறை பாருங்கள்" என்று சொல்வது வாழ்நாள் வேலை.

பாதிரியார் மகன் ஆல்பிரெட் அந்த வேலையைச் செய்தார். பதவி இருந்தபோதும் செய்தார். பதவி போன பிறகும் செய்தார்.

அடுத்த முறை உங்கள் வீட்டுக் குழந்தை ஏதோ கிறுக்கிக்கொண்டு வந்து, "அப்பா, படம் பார்" என்று நீட்டினால், உடனே சிரித்துவிடாதீர்கள்.

இன்னும் ஒரு முறை பாருங்கள்!